அந்தச் சிங்கத்துக்குக் கஃபீல் யார்?

மக்கா,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "அம்மா, நெட்வொர்க் போகுது" என்பாய். உன் கென்யாப் புல்வெளியில் நெட்வொர்க் தானாக எப்போது போகிறது, நீ எப்போது போக வைக்கிறாய் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. பண்ணினாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும்.

உன் கல்யாணம் நெருங்குகிறது. அதற்குள் உன் மாமனார் ஆகப்போகிற லூர்து அண்ணாச்சி சொல்லித் திரிகிற கதையை நீ எப்படியும் கேட்பாய். இங்கே கல்ஃபில், ராஸ் அல் கைமாவில் அவர் வேலை பார்க்கிற கல்குவாரியில், கேம்ப்பில், மெஸ்ஸில் எல்லாம் இப்போது அந்தக் கதைதான் ஓடுகிறது. கென்யாவிலிருந்து நாங்கள் திரும்பி வந்த புதிதில் அந்தக் கதையில் சிங்கம் ரொம்பத் தூரத்தில் நின்றது. பிறகு ஒரு புதருக்குப் பின்னால் வந்தது. போன வாரம் அவர் மகள், உன் ஜெனி சொன்னாள், அது இப்போது அவர் கண்ணுக்குள் கண் வைத்துப் பார்க்கிறதாம். இந்த வேகத்தில் போனால் கல்யாணத்துக்குள் அவரைக் கடித்தாலும் கடித்துவிடும். உண்மை என்னவென்றால், அந்தப் பயணம் முழுக்க நானும் அவரும் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் மாடு. ஆனால் நடந்தது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. அது நடந்தபோது நீ அங்கே இல்லை, புல்லுக்குள் ஓடிப்போயிருந்தாய். அங்கே உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் என் வாயால் கேட்டுக்கொள்.

உன் வேலை என்னவென்று நான்கு பேருக்குச் சொல்வதே எனக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு பெரிய பாடு தெரியுமா? மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள். "பையன் என்ன பண்றான் சிஸ்டர்?" என்பாள். (நர்ஸ் என்றால் கோயிலிலும் சிஸ்டர்தான்.) கென்யாவில் சிங்கத்தைப் பாதுகாக்கிற வேலை என்பேன். "ஓ, மிருகக்காட்சி சாலையா?" இல்லை, வெளியே திரிகிற சிங்கம். "அப்போ ஃபாரஸ்ட் ஆபீசரா?" இல்லை, ஊர்க்காரர்களோடு சேர்ந்து. "ஊர்க்காரங்க என்ன பண்றாங்க?" மாடு மேய்க்கிறார்கள். இந்த இடம் வந்ததும் கேட்டவளின் முகம் இளகிவிடும். என் கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்க சிஸ்டர், ஜெபத்துல நினைச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். உன் அப்பா இதற்கெல்லாம் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். முசஃபாவில் அவர் வேலை பார்க்கிற கேரேஜில் யார் கேட்டாலும் "கவர்மென்ட் மாதிரி ஒரு வேலை" என்று சொல்லிவிட்டுக் காரின் அடியில் படுத்துக்கொள்வார்.

எனக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது நம் பில்டிங்கின் கார் பார்க்கிங்கில் ஒரு பூனைக் கூட்டத்தை வளர்த்தாய். வாட்ச்மேன் கான் பாய்க்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவர் தொழுகைக்கு விரிக்கிற பாயை ஒரு பூனை நனைத்துவிட்டது. "எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பாலைவனத்துல விடுறேன்" என்று குதித்தார். வேறு பிள்ளை என்றால் அழும், இல்லாவிட்டால் பூனையை ஒளித்து வைக்கும். நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கான் பாய், உங்க பாயை எங்கே வச்சா அதுங்க வராது?" என்று கேட்டாய். இருவரும் சேர்ந்து ஒரு ஆணி அடித்தீர்கள், பாய் சுவருக்கு ஏறியது. பிறகு நாம் லீவுக்கு ஊருக்குப் போனபோது பூனைகளுக்குச் சோறு வைத்தது கான் பாய்தான். அன்றைக்கே உன் உத்தியோகம் முடிவாகிவிட்டது. நாங்கள்தான் அது தெரியாமல் உன்னை இன்ஜினியரிங் என்ட்ரன்ஸுக்குக் காசு கட்டி அனுப்பினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயும் ஜெனியும் முடிவு பண்ணிவிட்ட பிறகு எங்களிடம் சம்மதம் கேட்டீர்கள். எங்களுக்கு என்ன, சந்தோஷம்தான். சத்வாவில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கிற பெண். உன் சிங்கக் கதைக்கெல்லாம் அசருகிறவள் இல்லை. ஆனால் அவளுடைய அப்பா ஒரு வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமாவிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார். கல்லுடைக்கிற மெஷினின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல் அவருக்கு. அவர் என்னை அண்ணி முறை வைத்து "மைனி, ஒரு வாய்த் தண்ணி" என்று கேட்டபோது மேல் ஃப்ளோரில் இருந்தவர்கள்கூடத் தண்ணீர் எடுக்க எழுந்திருப்பார்கள். டீ குடித்து முடித்ததும் கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?"

"சிங்கங்களைப் பாதுகாக்கிறான், அண்ணாச்சி."

"யாருகிட்ட இருந்து?"

"மனுஷங்ககிட்ட இருந்து."

"அப்போ மனுஷனை யாரு பாதுகாக்குதது?"

அப்பா "கவர்மென்ட் மாதிரி..." என்று ஆரம்பித்தார். அங்கே கார் எதுவும் இல்லாததால் அடியில் படுக்கவும் முடியவில்லை. அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒரு ஃபோர்மேன், மைனி. சைட்டைப் பார்க்காம எந்த வேலைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். என் மவ சம்பந்தப்பட்டது. நான் நேர்ல போய்ப் பாக்கணும்." நான் எப்படியும் லீவு போட்டு உன்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அப்பாவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம். கடைசி நேரத்தில் கேரேஜில் ஆள் இல்லை என்று அப்பாவின் லீவை நிறுத்திவிட்டார்கள். ஜெனியின் அம்மா இருப்பதோ ஊரில். ஆகமொத்தம் நானும் அண்ணாச்சியும் கிளம்பினோம். ஏர்போர்ட்டில் அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஹெல்மெட், சேஃப்டி ஷூ, பளபளவென்று மின்னுகிற பச்சை ஜாக்கெட். நடுவில் அரை கிலோ காரச்சேவு. "சைட் விசிட்னா சைட் விசிட்தான்" என்றார்.

நைரோபியிலிருந்து உன் ஊருக்கு வருகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே குஷி. உன் கூட வேலை பார்க்கிற டேனியல் ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு மின்கம்பத்தில் 'ஹத்தாரி' என்று எழுதியிருந்தது. அபாயம் என்று அர்த்தம் சொன்னான். அண்ணாச்சி துள்ளினார். "நம்ம குவாரி போர்டுல கத்தர் கத்தர்னு எழுதியிருப்பானே, அதேதான்! காபிக்கு என்னப்பா சொல்லுவே? கஹாவாவா? நம்ம கஹ்வா! மைனி, இங்க எல்லாரும் நம்ம அரபியைத்தான் கொஞ்சம் சாய்ச்சுப் பேசுதானுவ." அதற்குப் பிறகு போய்ச் சேரும்வரை டேனியலிடம் அரபியும் இந்தியும் கலந்து பேசிக்கொண்டே வந்தார். பாவம் அந்தப் பையன், எல்லாவற்றுக்கும் சிரித்தான். ஒரே ஒரு இடத்தில்தான் குழம்பியது. அங்கே பெரிய பெண்களை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிடுவார்கள் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய், அவருக்குச் சொல்லவில்லை. டேனியல் என்னைப் பார்த்து "மாமா" என்று கூப்பிடும் போதெல்லாம் முன் சீட்டிலிருந்து அண்ணாச்சி "என்னப்பா?" என்று திரும்பினார். "இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள ஊரே என்னை மாமாங்குது" என்று உள்ளூர ஒரு பெருமை வேறு. நான் சொல்லவே இல்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே.

முதல் இரண்டு நாளும் நீ எங்களுக்கு எல்லாம் காட்டினாய். மாட்டுப் பட்டியைச் சுற்றி முள்ளும் கம்பிவலையும் வைத்துப் பலப்படுத்துவது. காலையில் சிங்கத்தின் காலடியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இந்தப் பக்கம் மாட்டை ஓட்டாதீர்கள் என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புவது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் முன்பு சிங்கத்தை ஈட்டியால் குத்திய இளவட்டங்கள்தான் என்று நீ சொன்னபோது, அண்ணாச்சி அவர்களைப் பயத்தோடும் பாசத்தோடும் பார்த்தார். நீங்கள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் பேர் வைத்திருப்பதுதான் அவருக்குப் பிடிக்கவே இல்லை. பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவர் நடந்த பக்கமெல்லாம் கழுதைகள் மிரண்டு ஓடின. "தூரத்துலயே பாத்துட்டுச் சிங்கம் ஒதுங்கிப் போவணும்லா" என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில்தான் செய்தி வந்தது. லெமயான் என்பவருடைய பசு முந்தின நாள் சாயங்காலம் மந்தையோடு திரும்பவில்லை. விடிந்ததும் தேடிப் போனால் சிங்கம் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஊர் இளைஞர்கள் ஈட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவர்களைத் தடுக்க நீ ஓடினாய். ஓடுகிற ஓட்டத்தில் என்னிடம், "அம்மா, நீங்க டேனியலோட லெமயான் வீட்டுக்குப் போங்க. துக்கம் விசாரிக்கிற மாதிரிதான். அங்கிளைப் பேசவிடாதீங்க" என்று சொன்னாய். மக்கா, உனக்கு என் மேல் எவ்வளவு நம்பிக்கை! அந்த மனுஷனைக் கல்லுடைக்கிற மெஷினாலேயே பேசவிடாமல் பண்ண முடியவில்லை.

லெமயான் வீட்டு முன்னால் ஒரு முள்மரத்தடியில் பத்துப் பதினைந்து ஆண்கள் சிவப்புப் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லெமயான். அவருக்கும் அண்ணாச்சி வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பால் டீ கொடுத்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த மாதிரி மௌனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழுதுவிட்டால் பரவாயில்லை, இந்த மௌனம்தான் பிறகு கண்ணாடிக் கதவை உடைக்கும். அண்ணாச்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

"மைனி, அந்தப் பசு என்ன பசுன்னு கேளுங்க."

கேட்டால் என்ன என்று நான் இங்கிலீஷில் டேனியலிடம் கேட்டேன். அவன் அவர்கள் பாஷையில் கேட்டான். லெமயான் நிமிர்ந்தே பார்க்காமல் ஏதோ சொன்னார். அவர் மகனுக்குக் கல்யாணமாம். பெண் வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த மாடுகளில் அது முதல் மாடாம்.

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணு வீட்டுக்குக் கொடுக்கணுமா? இங்க அப்படியா?" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். நல்லவேளை, அவர் உடனே லெமயான் பக்கம் திரும்பிவிட்டார்.

"அந்தப் பசுவுக்குப் பேரு உண்டா?"

உண்டு என்று லெமயான் சொன்னார். அந்தப் பேர் என் வாயில் நுழையவில்லை. மழையோடு வந்தவள் என்று அர்த்தம் என்றான் டேனியல்.

"தின்ன சிங்கத்துக்கு என்ன பேரு?"

டேனியல் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். உங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயருக்கு 'அமைதியானவள்' என்று அர்த்தமாம்.

அவ்வளவுதான் மக்கா. டீ டம்ளர் கீழே போனது, அண்ணாச்சி மேலே எழுந்தார். "அமைதியானவளா? அமைதியாத்தான் ஒரு மாட்டைத் தின்னுருக்காளா? பத்து நாளா பாக்கேன், சிங்கத்துக்குப் பேரு, சிங்கத்துக்குப் போட்டோ, சிங்கத்துக்குக் கழுத்துல ரேடியோ! இந்த மனுஷன் மாட்டுக்குப் பேரு என்னன்னு எவனாவது கேட்டானா?" (பத்து நாள் எல்லாம் இல்லை, அப்போதுதான் மூன்றாவது நாள். கோபம் வந்தால் அவருக்கு நாள் கூடும்.) பிறகு அவர் ஆமைக் கதையை எடுத்தார். அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். ஒரு தடவை வலையில் பெரிய ஆமை ஒன்று விழுந்து, திமிறித் திமிறி வலையைக் கிழித்துவிட்டது. அப்பா அதைக் கொல்லவில்லை, வலையை இன்னும் கொஞ்சம் அறுத்துத்தான் அதை வெளியே விட்டார். கரையில் நின்ற ஆபீசர்மார் ஓடி வந்து ஆமைக்கு அடிபட்டதா, கண் திறந்திருந்ததா, நீந்திப் போனதா என்று விசாரித்து எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம். "எங்க அப்பா கிழிஞ்ச வலையைத் தோள்ல போட்டுட்டு நிக்காரு. வலை என்னாச்சுன்னு ஒருத்தன் கேக்கல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆமையைத் திட்டல மைனி. ஆபீசரையும் திட்டல. எங்களைப் போட்டு அடிச்சாரு."

அவர் நூறு வார்த்தை பேசினால் நான் பத்தாகக் குறைத்து டேனியலிடம் கொடுத்தேன். அவன் அதை முப்பதாக்கிக் கூட்டத்துக்குச் சொன்னான். ஆனால் அந்தக் குரலுக்கும் கைக்கும் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஆமை திமிறியதை அவர் நடித்துக் காட்டியபோது பச்சை ஜாக்கெட் வெயிலில் அப்படியே மின்னியது. பெரியவர்கள் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வலை கிழிந்த இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. லெமயான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி நேராக அவரையே பார்த்து, என்னைத் தாண்டி, தனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் கேட்டார்: "பாய், திஸ் லயன், கஃபீல் கோன்? எங்க அரபு ஊர்ல ஒரு லேபர் தப்புப் பண்ணினா போலீசு அவன் கஃபீலைத்தான் கூப்பிடும். அவனைக் கொண்டுவந்தவன், பொறுப்பானவன். இந்தச் சிங்கத்துக்குக் கஃபீல் யாரு? ஹூ?"

டேனியல் என்னைப் பார்த்தான். நான் எப்படி விளக்குவது? "இந்தச் சிங்கம் யாருடையது என்று கேட்கிறார்" என்று மட்டும் சொன்னேன். டேனியல் அதைச் சொன்னதும் கூட்டமே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டது. அவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியாம் அது. லெமயான் கையைத் தூக்கினார், எல்லாரும் அடங்கினார்கள். அவர் மெதுவாகச் சொன்னதை டேனியல் வரி வரியாகச் சொன்னான். "என் மாட்டைத் தின்னும்போது அது கவர்மென்ட் சிங்கம். வெள்ளைக்காரர்கள் பார்க்க வரும்போது அது ஹோட்டல் சிங்கம். பசிக்கும்போது மட்டும் அது என் சிங்கம்."

அண்ணாச்சி தொடையில் அடித்துக்கொண்டார். "அப்போ சோறு போடுதது நீரு! அப்படின்னா கஃபீல் நீருதான் வே! வேற எவனும் இல்ல. அதை என்ன பண்ணணும்ங்கதை நீருதான் சொல்லணும். கலாஸ், அவ்வளவுதான்!"

இதை டேனியல் சொல்லி முடித்த அதே நேரம் அவன் போன் அடித்தது. பேசப் பேச அவன் முகம் மாறியது. பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னான். இளைஞர்கள் சிங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு புதருக்குள் குட்டிகளோடு படுத்திருக்கிறது. சுற்றி நின்றுகொண்டிருக்கிறார்கள். நடுவில் நீயும் உன் ஆட்களும் நிற்கிறீர்கள். உன் பேச்சை அவர்கள் கேட்கவில்லை. மாட்டுக்காரர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் கேட்போம் என்கிறார்களாம். டேனியல் போனை லெமயானிடம் நீட்டினான்.

அண்ணாச்சியைப் பார்த்தேன். பாவம், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மைனி, மாப்பிள்ளை எங்க நிக்காரு?" என்றார். ஈட்டிக்கும் புதருக்கும் நடுவில் என்றேன். "நான் இப்போ என்ன பேசினேன்? ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? நீங்களே சொல்லப்படாதா? ஐயோ, என் மவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" அவர் குரல் அவ்வளவு சின்னதாகவும் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். சொந்தப் பிள்ளை என்றால் அந்தத் தைரியம் ஒன்றுக்கும் உதவவில்லை. ஜெபம் சொல்ல நினைத்து, அதுவும் பாதியிலேயே மறந்துவிட்டது.

லெமயான் போனில் ரொம்ப நேரம் பேசினார். கத்தவில்லை. டேனியல் மொழிபெயர்க்காமல் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டே நின்றான். நடுவில் ஒருமுறை அண்ணாச்சியைக் கையால் காட்டிப் பேசினார், அண்ணாச்சி என் பின்னால் நகர்ந்துகொண்டார். முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் டேனியல் எங்களுக்கு மொழிபெயர்த்தான். அவர் சொன்னது இதுதான்: "கடல்காரர் ஒருவர் இங்கே வந்திருக்கிறார். அந்தச் சிங்கம் யாருடையது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், என்னுடையதுதான். என்னுடையதை நீங்கள் ஏன் குத்துகிறீர்கள்? எனக்கும் கோபம் இருந்தது. நான் கத்த வேண்டியதை எல்லாம் இவரே கத்தித் தீர்த்துவிட்டார், மிச்சம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வாருங்கள், சாப்பிடலாம்."

அவர்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியதை நீ பார்த்தாய். ஏன் திரும்பினார்கள் என்பது உனக்குத் தெரியாது. நீ உன் பேச்சுத் திறமை என்று நினைத்திருந்தால், இப்போது கொஞ்சம் கீழே இறங்கி வா.

நீ திரும்பி வந்த கோலத்தை நான் மறக்க மாட்டேன். சட்டையெல்லாம் கிழிசல், உதடு வெடித்திருந்தது. உன்னை முழுசாகப் பார்த்ததும் அண்ணாச்சிக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "ஏம்ப்பா, சிங்கத்துக்குப் பேரு வச்சியே, இவரு பசுவுக்குப் பேரு என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று ஊரே கேட்கக் கேட்டார். நீ அவருக்குப் பதில் சொல்லவில்லை. நேராக லெமயான் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தாய். அந்தப் பேரைச் சரியாகச் சொன்னாய், என் வாயில் நுழையாத அந்தப் பேரை. அது கன்றாகப் பிறந்த நாளில் நீயும் அங்கே இருந்தாயாமே, அதன் ஈரத்தைத் துடைத்ததே நீதானாமே! லெமயான் உன் தோளில் கையை வைத்தார். இருவரும் அழுதீர்கள். அப்போது அண்ணாச்சி வாயை மூடினார் பார், அதுதான் அந்தப் பயணத்திலேயே நான் கண்ட ஒரே அதிசயம். திரும்பி என்னிடம், "மைனி, பய தேறிருவான்" என்றார். உன் சம்பந்தம் நிச்சயமான இடம் அதுதான்.

ஆனால் மக்கா, நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பசுவை உனக்குத் தெரியும், அதற்காக உனக்கும் நெஞ்சு வலித்தது. காலையில் ஓடும்போது அந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று அதன் பேரை, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். நீ காப்பாற்றப் போகிற அவசரத்தில் இருந்தாய். புரிகிறது. எங்கள் வார்டில் டாக்டர்மார் எல்லாருக்கும் அதே வியாதிதான். உயிரைக் காப்பாற்ற ஓடுவார்கள், வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களைத் தாண்டி ஓடுவார்கள். நாளைக்கு ஜெனிக்கும் ஏதாவது தொலைந்துபோகும். ஒரு வேலை, ஒரு சிநேகிதி, இல்லாவிட்டால் சத்வா ரூமின் ஜன்னலில் வைத்திருக்கிற அந்த ரோஜாச் செடி. நீ உடனே அதைச் சரி பண்ண ஓடாதே. முதலில் பக்கத்தில் உட்கார். கான் பாய் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைதானே நீ? இதை உன் அப்பாவுக்கும் முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் அழுதால் அவர் உடனே ஏசியைச் சரி பார்க்கிறார்.

அடுத்த நாள் லெமயானின் பட்டிக்கு வேலி போட்டீர்களே, அண்ணாச்சியும் முள் இழுத்தார். பேண்ட்டெல்லாம் முள் ஏறி, விமானத்தில் உட்கார முடியாமல் பாதி நேரம் நின்றுகொண்டே வந்தார். பணிப்பெண் உட்காரச் சொன்னபோது "சிங்கம்மா, சிங்கம்" என்று தமிழில் சொன்னார். அவர் கதை அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணம். கோபப்படாமல் கேள். உன் கல்யாணத் தேதி ஒரு வாரம் தள்ளிப் போய்விட்டது. லெமயானும் அண்ணாச்சியும் இப்போது வாரா வாரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். இவர் அங்கத்துப் பாஷையில் "ஹபாரி", என்ன சேதி என்பார், அவர் நம் அரபியில் "மாஃபி முஷ்கில்", பிரச்சினை இல்லை என்பார், மீதி நேரம் இருவரும் சிரிப்பார்கள். போன வாரம் டேனியல் நடுவில் வந்து, லெமயானின் மகன் கல்யாணம் எந்தச் சனிக்கிழமை என்று சொன்னான். அதே சனிக்கிழமைதான் உனக்கும் கோயிலில் சொல்லி வைத்திருந்தோம். அண்ணாச்சி ஒரு வார்த்தை எங்களிடம் கேட்கவில்லை, நேராக ஃபாதரைப் போய்ப் பார்த்திருக்கிறார். "சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் குறுக்கே வந்துட்டு ஃபாதர்" என்று சொல்லித் தேதியை மாற்றிவிட்டு வந்துதான் எங்களுக்குப் போன் பண்ணினார். அப்பா கத்தினார். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். தேதி சரி என்றுவிட்டாள். விமானத்தில் ஒரு பசுவைக் கொண்டுபோக முடியுமா என்று அவர் ஏதோ கார்கோ ஆபீசிலும் போய் விசாரித்திருக்கிறார். அதை மட்டும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து தடுத்துவிட்டோம்.

ஆகையால் நீ அங்கேயே இருந்து அவரை ஏர்போர்ட்டில் கூப்பிட்டுக்கொண்டு போ, அந்தக் கல்யாணத்தை முடித்துவிட்டு இருவருமாகச் சேர்ந்து இங்கே வாருங்கள். பச்சை ஜாக்கெட் வேண்டாம், கோட்டு போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாரா தெரியாது. நேற்றுப் போனில் சும்மா கேட்டேன், "அங்கே போய் யார் பக்கம் உட்காருவீங்க அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா, பொண்ணு வீட்டுப் பக்கமா?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாட்டு வீட்டுப் பக்கம், மைனி" என்றார்.

அன்புடன்,
அம்மா